பேரு, விலாசம் தெரியாத வாரிசுகள்

நீயே சொல்லு தாயி, என்னையப் பாத்தா பேரு விலாசம் தெரியாத ஆளு மாதிரியா இருக்கு?

இல்லல்ல, ஜன்னல் பக்கம் நீயே இரு. எனக்குக் காத்து காதுக்குள்ள போனா இரைச்சல் எடுத்துரும். இந்த வயர்க்கூடைய மட்டும் உன் காலுக்குள்ள வச்சுக்க. உள்ள டிபன் டப்பா இருக்கு, கவுந்துறக் கூடாது.

கோர்ட்டுல இருந்து வாரேன். சிரிக்காத. அறுபத்தெட்டு வயசுல இன்னைக்குத்தான் மொதமொதல்ல கோர்ட்டுப் படி மிதிச்சேன். எங்க வீட்டுக்காரர ஒருக்க சைக்கிள்ல லைட்டு இல்லைன்னு டவுனுல போலீசு பிடிச்சான். அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? சைக்கிள அங்கேயே போட்டுட்டு நடந்தே ஊர் வந்துட்டாரு. சைக்கிள் போனாப் போகுது, கோர்ட்டுக்கு மட்டும் போகக்கூடாதுன்னு. அப்பிடிப்பட்ட குடும்பம். அந்தக் குடும்பத்துல ஒருத்தியப் பிரதிவாதியாக்கி நிப்பாட்டிட்டான். அதுவும் பேரு இல்லாத பிரதிவாதி. யாருங்கிற? கூடப் பொறந்த தம்பி. தவசி.

எம் பேரு சீனியம்மா. நத்தப்பட்டி வேலாண்டி மக சீனியம்மான்னு கேட்டா அந்தப் பக்கம் ஆடு மாடு கூட வழி காட்டும். எங்கம்மா சாகும்போது எனக்குப் பதினொண்ணு, அவனுக்கு நாலு. அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டு அவன இடுப்புல தூக்குனவ நான். இந்தக் காதப் பாரு. இல்ல, இந்தப் பக்கம். இது மட்டும் கொஞ்சம் நீளமாத் தொங்குதா? என் காது மடலப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். பிடிச்சு பிடிச்சு இழுத்து இப்பிடி ஆயிருச்சு. தோடு போட்டா ஒண்ணு மேல நிக்கும், ஒண்ணு கீழ நிக்கும்.

எனக்குக் கல்யாணமாகிப் புலிக்குறிச்சிக்குப் போறப்ப வண்டிச் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பன்னெண்டு வயசுப் பய. எங்க மாமியா, நல்ல பொம்பளைன்னு சொல்லமாட்டேன், ஆனா அன்னைக்கு நல்லாத்தான் நடந்துக்கிட்டா. "அவனையும் ஏத்துங்கடி, ஒரு வாய் சோறுதானே"ன்னுட்டா. ரெண்டு வருசம் எங்க வீட்டுல இருந்துதான் ஏழாப்பும் எட்டாப்பும் படிச்சான். இருபத்தொண்ணு, கீழத்தெரு, புலிக்குறிச்சி. அதே வீடு, அதே கதவு. மாமியா மட்டும் இல்ல. அவ போனதே ஒரு கதை, தீபாவளிக்கு மொத நாளு முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தவ... சரி அது வேணாம், எறங்குற எடம் வந்துரும்.

ரெண்டு வருசம் எந்த விலாசத்துல சோறு தின்னானோ, அந்த விலாசம் தெரியாதாம் தாயி. கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கான்.

என்ன விசயம்னா, எங்கப்பாவுக்கு நத்தப்பட்டியில மூணு ஏக்கர் கரிசக்காடு. காடுன்னா பேருதான், கருவேல முள்ளு மண்டிப் போயிக் கெடந்துச்சு. இத்தன வருசம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப அந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாம் சோலார் கம்பெனிக்காரன் கண்ணாடி நடுறான்ல, அதுக்கு அந்த எடத்தக் கேட்டிருக்கான். எங்கப்பா எழுதி வைக்காம செத்துட்டாரு. பட்டா அவரு பேருலயே இருக்கு. கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான், "வாரிசு அம்புட்டுப் பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க, இல்லாட்டி நீ ஒருத்தன்தான் வாரிசுன்னு கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிட்டு வா"ன்னு.

நம்மாளு என்ன செய்யணும்? ஒரு தட்டுல வெத்தல பாக்கு வச்சு, ஒரு சேலைய வச்சு, "அக்கா, ஒரு கையெழுத்துப் போடு"ன்னு வந்து கேக்கணும். போட்டிருப்பேன். சத்தியமாப் போட்டிருப்பேன். என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டேன். சேலையக்கூட விடு, வெறும் வெத்தல போதும். நம்ம பக்கத்துல பொறந்த பொம்பள எவ பங்கு கேட்டா? கேக்க மாட்டோம். ஆனா நம்மகிட்டக் கேக்கணும்ல?

அவன் கேக்கல. கோர்ட்டுல பிராது குடுத்துட்டான். ஒண்ணாம் பிரதிவாதி தாசில்தாரு. ரெண்டாம் பிரதிவாதி, "காலஞ்சென்ற வேலாண்டி அவர்களின் பெயர், விலாசம் தெரியாத இதர வாரிசுகள்". பேரு தெரியாட்டி சம்மன எங்க குடுப்பான்? அதுக்குப் பேப்பர்ல போடுவாகளாம். இன்ன தேதி காலைல பத்தரை மணிக்கு நேர்லயோ வக்கீல் மூலமாவோ ஆஜராகணும், தவறினா ஒருதலைப்பட்சமாத் தீர்மானிக்கப்படும்னு. ஒரு வெரல் அகலத்துக்குத்தான் இருக்கும் அந்தச் செய்தி. எழுத்து எள்ளு மாதிரி. நான் கண்ணாடி இல்லாமலே வாசிச்சேன். இந்த வயசுலயும் ஊசி நானேதான் கோப்பேன். மருமக எங்கிட்டதான் நீட்டுவா.

ஏன் அப்பிடிச் செஞ்சான்னு கேக்குறியா? கேளு. எம் மக கல்யாணம், பதினெட்டு வருசத்துக்கு முந்தி. பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு. விட்டுப்போச்சுன்னா, வேணும்னு இல்ல. சம்மந்தக்காரவுக பக்கத்துல ஒரு ஒன்றியச் செயலாளரு பேரப் போட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. அச்சாபீஸ்காரன் எடம் இல்லைன்னான். எந்த வரிய எடுக்கன்னு கேட்டான். நம்ம ஆளுதானே, ஒண்ணும் நெனைக்க மாட்டான்னு... ஒரு வரி தாயி. அவன் சீர்த்தட்டோட மேளத்தோட வந்தான். மண்டப வாசல்ல எவனோ ஒரு கோட்டிக்காரன் பத்திரிகைய அவன் கையில குடுத்திருக்கான். வாசிச்சுப் பாத்தான். தட்ட அப்பிடியே வாசப்படியில வச்சான். போயிட்டான். எம் மக கழுத்துல மாமன் மாலை விழல. அந்த ஒன்றியச் செயலாளரு கல்யாணத்துக்கே வரல, அது வேற.

சரி, தப்பு. அச்சாபீஸ்காரன் தப்பு. ஒரு வரிக்குப் பதினெட்டு வருசமா பேசாம இருப்பாகளா? எங்கப்பா சாவுலயும் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இந்தப் பேப்பர் சேதி எனக்கு எப்பிடித் தெரிஞ்சதுன்னா, அவ கொண்டாந்து குடுத்தா. அவதான், மேலக்கரைக்காரி மக. சொல்லலையா? எங்கம்மா செத்த ரெண்டாம் வருசம் எங்கப்பா மேலக்கரையில ஒருத்தியச் சேத்துக்கிட்டாரு. கோயில்ல வச்சு மாலை மாத்துனாராம். அவளுக்கு ஒரு பொம்பளப் பிள்ள. சின்னதுல ஒருதடவ பொங்கலுக்குக் கூட்டிட்டு வந்தாரு. ரெட்டச் சடை போட்டு ரிப்பன் கட்டி விட்டிருந்தாக. எனக்கு யாரு ரிப்பன் கட்டி விட்டா? நான் கதவச் சாத்திக்கிட்டேன். தவசி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்தான், பாவம்.

எங்கப்பாவுக்குக் கடைசியில இடுப்பு எலும்பு விட்டுப்போச்சு. நாலு வருசம் படுக்க. மேலக்கரையிலதான் கெடந்தாரு, அவ வீட்டுல. எங்க வீட்டுல எங்கன வச்சுப் பாக்க? மருமக கையில சோறு திங்கிறவ நானு. தவசி வீட்டுல மாடிப்படி. நான் போயிப் பாக்காம இல்ல, மூணு தடவ போனேன். கண்ணு மங்கிப்போச்சு மனுசனுக்கு. கிட்டக்கப் போயி கையப் பிடிச்சா, "பூரணமா?"ம்பாரு. அது அந்த மேலக்கரைக்காரி மக பேரு. "பூரணம், தண்ணி குடுத்தா"ம்பாரு. நானும் சொல்லல, குடுத்தேன். மொதப் பிள்ள நான். எம் பேரு வாயில வரல அவருக்கு. அந்தாக்குல எந்திரிச்சு வந்துட்டேன்.

அவ அங்கன பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா. வாத்தியாரு பேப்பர் வாசிக்கிறப்ப எங்கப்பா பேரச் சொல்லியிருக்காரு. அவ அதக் கிழிச்சு வாங்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. "அக்கா, உங்களுக்குத் தகவல் வந்துச்சா?"ங்கிறா. அக்காவாம். உள்ள வான்னு நான் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, மருமக அப்பத்தான் தரைய ஈரத்துணி போட்டுத் துடைச்சிருந்தா. வெளிய நின்னுக்கிட்டே வாசிக்கக் குடுத்தா. நான் வாசிச்சேன். ரெண்டு தடவ வாசிச்சேன். என்னைய எங்கனயும் காணோம் தாயி அதுல. இதரன்னு ஒரு சொல்லு. அதுதான் நானாம். அம்மை போட்டப்ப இருவத்தோரு நாளு வேப்பங்கொழையோட அவன் பக்கத்துல படுத்துக் கெடந்தவ, இதர.

அவதான் சொன்னா, "போயிருவோம்க்கா, போகலைன்னா இல்லைன்னு ஆயிரும்"னு. வக்கீலும் அவ பிடிச்சதுதான். அவ ஊருப் பையன், ஆனந்தன்னு, சின்ன வயசு, மீசை இப்பத்தான் கெட்டியாகுது. "நீங்க வேலாண்டி மகதான்னு காட்ட என்னம்மா இருக்கு?"ன்னான். பொறந்த சர்டிபிகேட்டா? எங்க காலத்துல ஏது. நான் சொன்னேன், எங்கப்பா எனக்குக் குடுத்த சீர்ப் பாத்திரம் இருக்குய்யா, பித்தளச் சருவம், அதுல 'வே. சீனியம்மாள்'னு வெட்டியிருக்கு, கொண்டாரவான்னேன். பெறகு? ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு எவனாவது தன் எழுத்தப் போட்டுப் பேரு வெட்டிக் குடுப்பானா? பாத்திரம் பொய் சொல்லாது. அவன் சிரிக்கிறான். "சருவத்தையெல்லாம் கோர்ட்டுல வைக்க முடியாது பாட்டி"ங்கிறான்.

அப்ப அவ மடியில இருந்து ஒரு பாலித்தீன் பையி எடுத்தா. எங்கப்பா டிரங்குப் பெட்டியில வச்சிருந்த பழைய ரேஷன் கார்டு. தொட்டா உதுரும். வேலாண்டி, குடும்பத் தலைவர். எங்கம்மா பேரச் செவப்பு மையில அடிச்சிருந்துச்சு. கீழ, மகள் சீனியம்மாள், மகன் தவசி. அம்புட்டுதான். அவளும் அவ ஆத்தாளும் அதுல கெடையாது. அவுகளுக்கு மேலக்கரையில தனிக் கார்டு. "இதப் பத்திரமா வச்சுக்கோங்கக்கா"ன்னு குடுத்துட்டா.

இன்னைக்குக் காலைல ஒண்ணாத்தான் வந்தோம். அவதான் பஸ்சுல எடம் போட்டா. கோர்ட்டுல கூட்டம்னா கூட்டம். ஒரு பொம்பள கோழியத் தூக்கிட்டு வந்திருந்தா, கேஸே அந்தக் கோழி மேலதானாம், டவாலிக்காரரு உள்ள விடமாட்டேங்கிறாரு. அது ஒரு கூத்து. பெறகு ஒவ்வொருத்தராக் கூப்பிடுறாரு. நம்மளுது வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு, நல்ல கணீர்னு குரலு, "பேரு விலாசம் தெரியாத வாரிசுகள்... வாரிசுகள்... வாரிசுகள்"னு மூணு தடவ. சனம் சிரிக்குது. எவனோ, "பேரே தெரியலைன்னா எவன்யா வருவான்"ங்கிறான்.

நான் எந்திரிச்சேன். "இருக்கேன்யா"ன்னேன். பின்னாடி சேலை சரசரங்குது. திரும்பிப் பாத்தா, அவளும் எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சுட்டா. நான் ஒரு பார்வை பாத்தேன். அம்புட்டுதான். நின்னுட்டா.

உள்ள ஜட்ஜம்மா. சின்னப் பிள்ள, எம் பேத்தி வயசு இருக்கும். தவசி அந்தப் பக்கம் நிக்கிறான். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. பதினெட்டு வருசத்துல எங்கப்பா மாதிரியே ஆயிட்டான். பக்கத்துல அவன் பொண்டாட்டி ரஞ்சிதம், சும்மாவே நாக்கு நீளம். நான் கடக்குறப்ப மெதுவாச் சொல்லுறா, "அன்னைக்கு நீங்க எங்க பேரப் பத்திரிகையில போடல மதினி, இன்னைக்கு நாங்க உங்க பேரப் போடல. கணக்குச் சரியாப் போச்சு." தவசி தலையத் தூக்கவேயில்ல.

ஜட்ஜம்மா கேட்டுச்சு, "உங்க பேரு என்னம்மா?"

பேரு கேட்டுச்சு தாயி. "சீனியம்மாள், வேலாண்டி மக, இருபத்தொண்ணு கீழத்தெரு, புலிக்குறிச்சி. அந்தா நிக்கிறானே, அவனத் தூக்கி வளத்தவ"ன்னேன். காதையும் காட்டியிருப்பேன், பையன் வக்கீல் கையப் பிடிச்சுட்டான். கார்டக் குடுத்தோம். அந்தப் பிள்ள வாங்கிப் பாத்துட்டு தவசியப் பாத்துச்சு. "உங்க கூடப் பொறந்த அக்கா பேரு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டுச்சு. அவன் வக்கீல் என்னத்தையோ இங்கிலீசுல சமாளிச்சான். தவசிக்கு வேர்த்துச்சு. அந்தக் கேள்வி ஒண்ணுக்காகவே போனது போதும்னு இருந்துச்சு எனக்கு.

பெறகு அந்தப் பிள்ள எங்கிட்டத் திரும்பி, "உங்க ரெண்டு பேரத் தவிர வேற வாரிசு யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லம்மா, நானும் எந்தம்பியும் ரெண்டே பேருதான்"னேன்.

என்ன பாக்குற? கார்டுல ரெண்டு பேருதானே இருக்கு. இருக்கறதத்தானே சொல்ல முடியும். கோர்ட்டுல பொய் சொல்லக் கூடாதுல்ல.

அப்பத்தான் தவசி தலையத் தூக்குனான். என்னையப் பாத்தான். பாத்துட்டு ஜட்ஜம்மாகிட்ட, "ஆமாம்மா, ரெண்டே பேருதான்"னு சொன்னான். பதினெட்டு வருசம் கழிச்சு நாங்க ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொன்னோம்.

வெளிய வந்ததும் பையன் வக்கீல், "பாட்டி, என்ன இப்பிடிச் சொல்லிட்டீங்க? உங்கம்மா இறந்ததுக்கு அப்புறம் மாலை மாத்துனவங்கன்னா அவங்க மகளும் சட்டப்படி வாரிசுதான்"ங்கிறான். "மாலை மாத்துனா ஆச்சா? பத்திரிகை அடிச்சாரா எங்கப்பா?"ன்னு கேட்டேன். அவன் கையில இருந்த காகிதத்தையே ஒழுங்கா அடுக்கிக்கிட்டு நின்னான்.

அந்தப் புங்க மரத்துக்கடியில தவசி வந்தான். "டீ குடிக்கிறியா அக்கா?"ன்னான். அக்கான்னு கூப்பிட்டான் தாயி. நான் டீய மட்டும் வாங்கிக் குடிச்சேன். அவன் வக்கீலு விவரம் சொன்னாரு. என்னைய மூணாம் பிரதிவாதின்னு பேரு விலாசத்தோட சேத்துக்கிடுவாகளாம். அடுத்த வாய்தாவுல ரெண்டு பேரும் சமாதானம்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுருமாம். "அந்த ரெண்டாம் பிரதிவாதி வரி?"ன்னு பையன் வக்கீல் கேட்டான். "பேப்பர்ல போட்டாச்சு, வேற யாரும் வரல. அது அப்பிடியே இருக்கட்டும்"னாரு அவரு. சரின்னுட்டேன். என்ன செய்ய, தம்பியாப் போயிட்டான்.

ஆனா மனசு ஆறல, அத உனக்குச் சொல்லிப்புடுறேன். நாளைக்கு எம் பேர எழுதுவான், சரி. மொதல்ல தெரியாதுன்னு எழுதுனது அந்தக் கைதானே? எங்காதப் பிடிச்சுத் தூங்குன கை. வேத்தாளு செஞ்சா வலிக்காது தாயி. கூடப் பொறந்த ரத்தம், நம்மளத் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்ல மனசு வரும்? சாகுற வரைக்கும் இத நான் மறக்க மாட்டேன்.

அவளா? அவளக் காணோம். நாங்க டீ குடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறப்ப, நான் உக்காந்திருந்த பெஞ்சுல அவ கொண்டாந்த இந்த வயர்க்கூடை மட்டும் இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போக வேணாமா? ஒண்ணா வந்தோம்ல? என்ன வளப்போ. எனக்குன்னு கட்டிக் கொண்டாந்தது போல, புளிச்சோறு. காலைல பஸ்சுலயே சொன்னா, அய்யாவுக்குப் புளிச்சோத்துல எள்ளு வறுத்துப் போட்டாத்தான் எறங்கும்னு. எனக்குத் தெரியாதாக்கும். எங்கம்மா அப்பிடித்தான் போடும். இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சதுன்னு தெரியல.

எனக்குப் பசிக்கல. டீ குடிச்சது நெஞ்சுலயே நிக்குது. நீ திங்கிறியா? எடு, வெக்கப்படாத. அழுத்தித் திருகு, மூடி கொஞ்சம் இறுக்கம்.

என்ன, மூடியத் தடவித் தடவிப் பாக்குற? ஆமா, பேரு வெட்டியிருக்கும். எங்க பக்கத்துல எல்லாப் பாத்திரத்துலயும் வெட்டுவாக.

எனக்குத் தெரியல தாயி. புள்ளி புள்ளியா வெட்டியிருக்கான், வண்டி வேற குலுங்குது. கண்ணாடி கொண்டாரல நான். மொத எழுத்து 'வே'வா? பக்கத்துல 'பூரணம்'னு இருக்கா?

யாரு பாத்திரமோ. கல்யாண வீடு, கருமாதி வீடுன்னு போற எடத்துல மாறிப் போறதுதானே. பாத்திரக்கடைக்காரன் என்ன சொன்னாலும் வெட்டித் தருவான். நீ சோத்தத் தின்னுட்டு மூடிய உள்பக்கமாத் திருப்பி வையி. அடுத்த ஸ்டாப்பு என்னுது.